ஐ.நா. அவையில் ஒரு தொலைக்காட்சித் தொடர்: படைப்பாளிகளை மேடையேற்றி எதைக் கேட்பது?

நெடுந்தொடர் (இழையைத் தொடங்கியவர்)

ஒரு தொலைக்காட்சித் தொடரின் நடிகர்களும் எழுத்தாளர்களும் பார்வையாளர்முன் அமர்ந்து தங்கள் படைப்பைப் பற்றிப் பேசும் நிகழ்ச்சிகளுக்கு இப்போது பஞ்சமில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் 1984 முதல் நடந்துவரும் பேலி விழா, சான் டியேகோ காமிக்-கானில் ஆறாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய ஹால் எச், பிரான்சின் லீல் நகரில் கூடும் சீரீஸ் மேனியா என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு மேடையில் ஏதாவது ஒரு குழு அமர்ந்திருக்கிறது. காணொளிகளாகக் கிடைக்கும் இந்த உரையாடல்களை நான் விரும்பிப் பார்ப்பவன். ஆனாலும் பெரும்பாலானவற்றில் படைப்பைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு என்றே சொல்வேன். படப்பிடிப்பில் யார் யாரைச் சிரிக்கவைத்தார், அடுத்த பருவத்தில் யார் சாவார் என்பதோடு நேரம் தீர்ந்துவிடுகிறது.

விதிவிலக்காக நான் கருதும் ஒரு நிகழ்ச்சியை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். 2009 மார்ச் 17 அன்று நியூயார்க்கில், ஐ.நா. தலைமையகத்தின் பொருளாதார, சமூக மன்ற அவையில், ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ தொடரை உருவாக்கிய ரொனால்ட் டி. மூர், டேவிட் ஐக் ஆகியோரும், அதில் முதன்மைப் பாத்திரங்களை ஏற்ற எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ், மேரி மெக்டொனல் ஆகியோரும் அமர்ந்தார்கள். வூப்பி கோல்ட்பர்க் நெறிப்படுத்தினார். ஆயுத மோதலும் குழந்தைகளும் என்ற பொருளுக்கான பொதுச்செயலரின் சிறப்புப் பிரதிநிதியாக அப்போது இருந்த ராதிகா குமாரசுவாமி, மனித உரிமை அலுவலகத்தின் கிரெய்க் மொகைபர், கொள்கைத் திட்டமிடலுக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் ஓர் ஆகிய ஐ.நா. அதிகாரிகளும் அவர்களோடு பேசினார்கள். மனித உரிமை, மோதலில் சிக்கிய குழந்தைகள், பயங்கரவாதம், நல்லிணக்கம் எனப் பேசுபொருள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: மனிதர்கள் படைத்த சைலான் என்னும் இயந்திர இனம் திரும்பிவந்து பன்னிரண்டு குடியேற்ற உலகங்களையும் அழித்துவிடுகிறது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் கப்பல்களில் தப்பி விண்வெளியில் அலைகிறார்கள். ஆட்சி வரிசையில் 43ஆம் இடத்தில் இருந்த கல்வித்துறைச் செயலர் லாரா ராஸ்லின் குடியரசுத் தலைவராகிறார். படையைக் காப்பதா, குடியாட்சியைக் காப்பதா, உயிரை மட்டும் காப்பதா என்பதுதான் 2003இல் குறுந்தொடராகத் தொடங்கி 2009 வரை ஓடிய இந்தக் கதையின் இடைவிடாத வழக்கு.

என் கருத்து இதுதான்: ஒரு தொடரைப் பற்றிய மேடைப் பேச்சின் மதிப்பு மேடையில் யார் இருக்கிறார்கள் என்பதில் இல்லை, எதிரே அமர்ந்து கேட்பவருக்கு அந்தப் பொருளில் என்ன அனுபவம் இருக்கிறது என்பதில் இருக்கிறது. உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

கத்தரிக்கோல்

நண்பர் நெடுந்தொடர் ஒரு தேதியை விட்டுவிட்டார். தொடரின் இறுதி அத்தியாயம் ஒளிபரப்பானது 2009 மார்ச் 20 அன்று, அதாவது இந்த நிகழ்ச்சி நடந்து மூன்றாம் நாள். ஒளிபரப்பிய அலைவரிசையும் இதை ஏற்பாடு செய்ததில் பங்கு வகித்தது. நாடுகளின் பெயர்ப்பலகைகள் இருக்கும் இடத்தில் தொடரில் வரும் பன்னிரண்டு உலகங்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். உலகின் மிகக் கனமான அவை ஒன்று ஒரு தொடரின் அரங்க அமைப்பாக மாறிவிட்டதே என்று அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

படத்தொகுப்பு என் தொழில் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தகைய மேடைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் தொடரிலிருந்து காட்சித் துணுக்குகளைத் திரையிட்டுப் பிறகு பேசத் தொடங்குவார்கள். துணுக்காக வெட்டிய கணத்திலேயே காட்சியின் நியாயம் மாறிவிடுகிறது. முதல் பருவத்தில் போர்விமானி ஸ்டார்பக் ஒரு சைலான் கைதியின் தலையை வாளி நீரில் அமுக்கி விசாரிக்கும் காட்சியை மட்டும் வெட்டிக் காட்டினால், ‘சித்திரவதை தவறு’ என்று தொடர் சொல்வதாகத் தோன்றும். அதே அத்தியாயத்தின் முடிவில் ராஸ்லின் வந்து, சித்திரவதையை நிறுத்தி, கைதிக்குப் பாதுகாப்பு உறுதி கொடுத்து, அவன் பேசி முடித்ததும் கப்பலின் காற்றறையைத் திறந்து அவனை வெளியே எறியச் செய்கிறார். உண்மையில் நம்மை உலுக்குவது அந்த இரண்டாவது செயல். ஐந்து நிமிடத் துணுக்கில் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் தெரியாது.

பனைநிலா

கத்தரிக்கோல் ஐயா சொல்லும் விளம்பர நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எத்தனையோ தொடர்கள் முடிவை நெருங்கியபோது இந்தத் தொடரை ஏன் அந்த அவைக்கு அழைத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2006 அக்டோபரில், ஈராக்கில் அமெரிக்கப் படைகள் நிலைகொண்டு தற்கொலைத் தாக்குதல் செய்திகள் அன்றாடம் வந்துகொண்டிருந்த நேரத்தில், ஓர் அமெரிக்கத் தொடர் தன் நாயகர்களை ஆக்கிரமிக்கப்பட்ட மக்களாகக் காட்டியது. நியூ கேப்ரிகா என்ற கோளில் சைலான்களின் ஆட்சிக்கு உட்பட்ட மனிதர்கள் தங்களுக்குள்ளிருந்தே தற்கொலைக் குண்டுதாரிகளை அனுப்புகிறார்கள். ஆணையிடுகிறவர் நாம் ஆண்டுக்கணக்காக அன்போடு பார்த்துவந்த கர்னல் டை. பலியாகிறவர்களோ சைலான்களின் காவல் படையில் சேர்ந்த மனிதர்கள், நேற்றுவரை ஒரே கப்பலில் இருந்தவர்கள். பயிற்சி முடித்த காவலர்கள் வரிசையில் நிற்க, மனைவியை இழந்த ஒரு முன்னாள் விமானி அந்த வரிசைக்குள் நுழைகிறான். படக்கருவி அவன் முகத்தைவிட்டு விலகுவதில்லை. அவனை வெறுக்கவும் முடியாமல் ஆதரிக்கவும் முடியாமல் நம்மை அங்கேயே நிறுத்திவிடுகிறது அந்தக் காட்சி.

இதை எழுதியவர்களை, பயங்கரவாதம் பற்றிய தீர்மானங்களை வரைகிறவர்களின் முன்னால் உட்காரவைப்பது பொருத்தமானது என்றே நான் நினைக்கிறேன். ரசிகர் கூட்டத்தில் “அந்தக் காட்சி அருமை” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் களத்தில் பணியாற்றியவருக்கோ, ஆணையிட்ட டையின் உள்மனம் இத்தனை விரிவாகவும் வரிசையில் நின்று செத்த காவலனின் குடும்பம் இத்தனை சுருக்கமாகவும் ஏன் காட்டப்பட்டன என்று கேட்கத் தோன்றும்.

நெடுந்தொடர்

அக்கா, அத்தகைய கேள்வியைத்தான் நானும் மனத்தில் வைத்திருந்தேன்.

அந்த நாளில் அதிகம் பேசப்பட்டது ஓல்மோஸின் தலையீடு. மனித உரிமையைப் பற்றிப் பேசும்போது ‘இனம்’ என்ற பகுப்பை இயல்பாகப் பயன்படுத்துவதை அவர் எதிர்த்தார். மனித குலம் என்ற ஒரே இனம்தான் உண்டு என்றும், மக்களைப் பிரிக்கும் அந்தப் பகுப்பை இந்த அவையே இன்னும் கைவிடவில்லை என்றும் அவையின் முகத்துக்கு நேராகச் சொன்னார். பார்வையாளர்களில் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். பெரியவர்களால் இதை மாற்ற முடியாது, நீங்கள்தான் மாற்ற வேண்டும் என்று அவர்களை நோக்கியே பேசினார். பிறகு தொடரில் அவர் நடித்த படைத்தலைவர் அடாமா எழுப்பும் ‘அனைவரும் அவ்வாறே சொல்கிறோம்’ (So say we all) என்ற முழக்கத்தை எழுப்பினார். அவை முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னது.

குறுந்தொடரின் முடிவில் இதே முழக்கம் வருவதைப் பலர் அறிவீர்கள். இறந்தவர்களுக்கான சடங்கில் கூட்டம் முணுமுணுப்பாகப் பதில் சொல்கிறது. அடாமா அதை ஏற்காமல் மீண்டும் மீண்டும் கேட்க, கடைசியில் எல்லாரும் உரக்கச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காட்சியில் அடாமா மக்களுக்குக் கொடுக்கும் நம்பிக்கை ஒரு பொய்யின்மேல் கட்டப்பட்டது. பூமி எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியும் என்கிறார். அவருக்குத் தெரியாது. ஆகவே அந்த முழக்கத்தை ஐ.நா. அவையில் கேட்கும்போது எனக்கு இரண்டு உணர்ச்சிகள் ஒன்றாக எழுகின்றன. நடிகர் தன் பாத்திரத்தின் குரலைக் கடன்வாங்கித் தன் சொந்த நம்பிக்கையைச் சொன்னார், அது நேர்மையானது. ஆனால் அந்தக் குரலுக்குள் தொடர் வைத்திருந்த ஐயம் மேடையில் காணாமற்போனது.

மறுவாசிப்பு

நெடுந்தொடரின் கடைசி வாக்கியம்தான் எனக்கு முதன்மையானது. படைப்பு தயக்கத்தோடு சொன்னதை மேடை உறுதியோடு சொல்லிவிடுகிறது. அதனாலேயே படைப்பாளிகள் தங்கள் தொடரை விளக்குவதை நான் எச்சரிக்கையோடு அணுகுகிறேன்.

‘லாஸ்ட்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இறுதி அத்தியாயம் 2010 மே 23 அன்று ஒளிபரப்பானது. கதைமாந்தர் அனைவரும் விமானம் விழுந்தபோதே இறந்துவிட்டார்கள் என்று பலர் புரிந்துகொண்டார்கள். 2014 மார்ச்சில் பேலி விழாவில் டேமன் லிண்டெலாஃப், கார்ல்டன் கியூஸ் இருவரும் அப்படி இல்லவே இல்லை என்று விளக்கினார்கள். பெயர்ப்பட்டியல் ஓடும்போது காட்டப்பட்ட, ஆளில்லாத விமானச் சிதைவுகளின் காட்சி கதையின் பகுதி அன்று. முடிவிலிருந்து உடனே செய்தி நிகழ்ச்சிக்குத் தாவாமல் ஒரு சிறிய இடைவெளி இருக்கட்டும் என்று அது சேர்க்கப்பட்டது. தெளிவான விளக்கம்தான். இருந்தும் அந்தத் தவறான புரிதல் இன்றுவரை போகவில்லை. படைப்புக்குள் பதிந்துவிட்ட பிம்பத்தை நான்கு ஆண்டுகள் கழித்து மேடையில் சொல்லும் ஒரு வாக்கியத்தால் அழிக்க முடிவதில்லை.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் ஜெஸ்ஸி பிங்க்மன் முதல் பருவத்தின் முடிவில் சாவதாகத்தான் முதலில் திட்டமிட்டிருந்ததாக வின்ஸ் கில்லிகன் சொல்லியிருக்கிறார். 2007–08 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் அந்தப் பருவம் ஏழு அத்தியாயங்களோடு நின்றது. இரண்டையும் சேர்த்து, வேலைநிறுத்தம்தான் ஜெஸ்ஸியைக் காப்பாற்றியது என்று ஒரு கதை பரவிவிட்டது. ஆரன் பாலின் நடிப்பைப் பார்த்து அதற்கு வெகு முன்பே முடிவை மாற்றிக்கொண்டதாகக் கில்லிகன் பிற்பாடு விளக்க வேண்டியிருந்தது. மேடையில் சுவையாக ஒலிப்பது ஒன்று, எழுத்தறையில் நடந்தது வேறொன்று. வேலைநிறுத்தக் கதையில் தற்செயல் என்னும் கவர்ச்சி இருக்கிறது. உண்மையில் இருப்பது ஒரு நடிகர் அன்றாடம் செய்த வேலையை எழுத்தாளர்கள் கவனித்ததுதான். எனக்கு இரண்டாவதே மிகவும் அழகாகத் தோன்றுகிறது, ஆனால் அதைக் கைதட்டலுக்காகச் சொல்ல முடியாது.

கத்தரிக்கோல்

படைப்பாளிகள் மேடைக்கு வராமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2019 ஜூலையில் காமிக்-கானில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ இறுதிப் பருவத்தைப் பற்றிய அமர்விலிருந்து டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் இருவரும் சில நாள் முன்பு விலகிக்கொண்டார்கள். தாங்கள் எழுதாத முடிவுக்கு நடிகர்கள் விளக்கம் சொல்லும்படி ஆனது. நடிகருக்குத் தன் பாத்திரத்தின் பாதை தெரியும், கதையின் மொத்தக் கணக்கு தெரியாது. அதை அவரிடம் கேட்பது அநியாயம். ஐ.நா. அவையில் மூரும் ஐக்கும் ஓல்மோஸுக்கும் மெக்டொனலுக்கும் பக்கத்திலேயே இருந்தார்கள் என்பதை மட்டும் அந்த நிகழ்ச்சிக்குச் சாதகமாக ஒப்புக்கொள்கிறேன்.

அலைகரை

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவருகிறேன். எல்லாரும் 2009 மார்ச் 17 என்ற தேதியைச் சொல்கிறீர்கள். அந்தத் தேதி எனக்கு வேறொன்றையும் சொல்கிறது.

அதற்கு நான்கு நாள் முன்பு, மார்ச் 13 அன்று, ஐ.நா. மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை வன்னிப் போரைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். ஜனவரி 20க்குப் பிறகு 2,800க்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம், 7,000க்கு மேற்பட்டோர் காயமடைந்திருக்கலாம் என்றும், இரு தரப்பின் செயல்களும் போர்க்குற்றங்களாக இருக்கக்கூடும் என்றும் அது சொன்னது. அந்த ஓர் அறிக்கை வந்திருந்தும், பொதுச்செயலரின் நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, போரின் கடைசி மாதங்களில் உயிரிழப்பு எண்ணிக்கையை ஐ.நா. பொதுவெளியில் வைக்கத் தவறியது என்றும், வைத்திருந்தால் மக்களைக் காக்கும் கோரிக்கை வலுப்பெற்றிருக்கும் என்றும் எழுதியது.

இந்தத் தொடரின் அத்தியாயங்கள் ஓர் எண்ணோடு தொடங்கும். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற எண். ராஸ்லினின் அறையில் ஒரு வெண்பலகை இருக்கும். முதல் பருவத்தின் முதல் அத்தியாயத்தில், சைலான்கள் முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தாக்க, ஐந்து நாள் உறக்கமில்லாத மனிதர்கள் ஓடிக்கொண்டே இருக்க, அந்த எண் இறங்கிக்கொண்டே போகும். 1,345 பேர் இருந்ததாகச் சொல்லப்படும் ஒரு கப்பலைத் தம் கையாலேயே சுட்டு வீழ்த்துகிறார்கள். அத்தியாயம் முடியும்போது ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது. ராஸ்லின் எழுந்துபோய்ப் பழைய எண்ணை அழித்து ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். ஒவ்வோர் உயிரையும் எண்ணி, அதை எல்லார் கண்ணிலும் படும்படி எழுதிவைப்பது ஆட்சியின் முதல் கடமை என்று அந்தக் காட்சி வசனமில்லாமல் சொல்கிறது.

அந்தத் தொடரைப் பாராட்டி அழைத்த அவை, அதே வாரத்தில், தன் கையிலிருந்த எண்ணைச் சொல்லத் தயங்கிய ஓர் அமைப்பின் அவை. தொடர்க்காரர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைய மேடையில் கேள்வி ஒரு திசையில் மட்டும் போயிருக்கக் கூடாது. தொடர் ஐ.நா.வையும் கேட்டிருக்க வேண்டும்.

பனைநிலா

அலைகரை, நீங்கள் எழுதியதைப் படித்தபின் உடனே பதில் எழுத முடியவில்லை. ஆனால் ராதிகா குமாரசுவாமி அந்த மேடையில் இருந்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. இலங்கையில் புலிகளும் கருணா குழுவும் குழந்தைகளைப் படையில் சேர்த்ததை அவரது அலுவலகம் தொடர்ந்து பதிவுசெய்துவந்தது. 2006 நவம்பரில் அவருடைய சிறப்பு ஆலோசகர் ஆலன் ராக் அங்கே நேரில் சென்று, அரச படையினரில் சிலருக்குக் கருணா குழுவின் ஆள்சேர்ப்பில் பங்கிருந்ததாகவும் கூறினார். குழந்தைகளும் போரும் என்ற பொருளை அன்று மேடையில் பேசியவர் அதைப் படித்தறிந்து மட்டும் பேசியவர் அல்லர். அந்தத் தீவில் பிறந்தவர், தமிழர்.

தொடரில் ஹேரா என்ற குழந்தை உண்டு. மனிதத் தந்தைக்கும் சைலான் தாய்க்கும் பிறந்தவள். குழந்தை இறந்துவிட்டதாகத் தாயிடம் பொய் சொல்லி, குழந்தையை வேறொரு பெண்ணிடம் ஒப்படைக்க முடிவெடுக்கிறவர் ராஸ்லின். பலகையில் ஒன்றைக் கூட்டி எழுதிய அதே கை. தொடர் இதற்காக அவரைக் கொடியவராக்கவும் இல்லை, முழுமையாக மன்னிக்கவும் இல்லை. மேரி மெக்டொனல் அந்தக் காட்சிகளைத் தாழ்ந்த, கனிவான குரலில் நடித்தார். கொடுமைக்கும் கனிவுக்கும் குரல் ஒன்றாக இருப்பதுதான் பார்ப்பவரை நடுங்கவைக்கிறது.

மறுவாசிப்பு

அலைகரையின் கருத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ‘தொடர் ஐ.நா.வைக் கேட்டிருக்க வேண்டும்’ என்கிறார். ஓல்மோஸ் செய்தது ஏறத்தாழ அதுதான். விருந்தினராக அழைக்கப்பட்டவர் வீட்டாரின் பழக்கத்தைக் குறை சொன்னார். ஆனால் அவர் தேர்ந்தது ஒரு சொல்வழக்கை, நடந்துகொண்டிருந்த ஒரு போரை அன்று. சொல்வழக்கைக் கண்டித்தால் அவை எழுந்து கைதட்டும். போரின் பெயரைச் சொன்னால் அப்படித் தட்டியிருக்குமா என்பது ஐயமே.

கத்தரிக்கோல்

இழையின் தொடக்கத்தில் நான் சொன்னதை இப்போதும் சொல்கிறேன்: அது விளம்பரத்தோடு கலந்த நிகழ்ச்சி. ஆனாலும் அலைகரை காட்டிய வெண்பலகைக் காட்சியை இனி அந்த அவையோடு சேர்க்காமல் என்னால் பார்க்க இயலாது. அந்தக் காட்சியின் வெட்டு முறையையும் கவனியுங்கள். எண்ணை எழுதி முடித்தபின் ராஸ்லின் முகத்தில் ஒரு சிறிய புன்னகை வருகிறது. இசையை உயர்த்தி நம்மை உருகவைக்க எளிதாக முடியும். தொகுப்பாளர் அதைச் செய்யவில்லை, அளவோடு நிறுத்திவிட்டார். இதைப் பற்றி யாராவது ஒரு மேடையில் தொகுப்பாளரையும் அழைத்துக் கேட்டால் நான் முதல் வரிசையில் உட்காருவேன். நடிகர், படைப்பாளி என்ற இரண்டு நாற்காலிகளோடு மேடைகள் நின்றுவிடுவது எங்கள் துறையின் நெடுநாள் மனக்குறை.

நெடுந்தொடர்

தொகுப்பாளரை அழைக்க வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ரொனால்ட் மூர் அத்தியாயங்களுக்கு வீட்டிலிருந்தே பதிவுசெய்த ஒலிவழி விளக்கவுரைகளைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் காட்சி நீளமாக இருந்து குறைக்கப்பட்டது, எதற்கு அலைவரிசை ஒப்பவில்லை, எதில் தமக்கே நிறைவில்லை என்று அவற்றில் விரிவாகப் பேசுகிறார். எதிரே கூட்டம் இல்லாததால் கைதட்டலுக்காகக் கதையைத் திருத்தும் கட்டாயம் அவருக்கு இல்லை. மறுவாசிப்பு அஞ்சும் குறை அந்தப் பதிவுகளில் மிகக் குறைவு.

ஆனால் அவற்றில் எதிர்க்கேள்வியும் இல்லை. ஐ.நா. அவையில் எதிர்க்கேள்வி கேட்கத் தகுதியுள்ளவர்கள் இருந்தார்கள், பொழுதோ இரண்டு மணி நேர அளவுக்குள் முடிந்துவிட்டது. நான்கு பெரும்பொருளையும் அதற்குள் அடைத்ததுதான் அந்த நிகழ்ச்சியின் பெரிய குறை என்று இப்போது நினைக்கிறேன். ஒரே ஓர் அத்தியாயத்தை முழுதாகத் திரையிட்டு, அதை எழுதியவர், நடித்தவர், வெட்டியவர் ஆகியோரை அமர்த்தி, அந்தப் பொருளில் வாழ்ந்த ஒருவரைக் கேள்வி கேட்கவைத்தால் போதும். முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தாக்குதல் வரும் அந்த அத்தியாயத்தை எடுத்துக்கொண்டால் என் முதல் கேள்வி சுட்டு வீழ்த்தப்பட்ட கப்பலைப் பற்றியது. அதில் மனிதர்கள் இருந்தார்களா என்பதை எங்களுக்குத் தெளிவாகக் காட்டாமல் விட்டது, ஆணையிட்டவர்களிடம் எங்களுக்கு இருந்த அன்பு குறையாமல் இருப்பதற்காகவா?

அலைகரைக்கு விருப்பமிருந்தால் அடுத்த கேள்வியை அவர் எழுதட்டும்.

அலைகரை

எழுதுகிறேன். அந்த 1,345 பேரும் அன்றிரவே பலகையிலிருந்து கழிக்கப்பட்டுவிட்டார்கள். அவர்களின் பெயர்ப்பட்டியல் யாரிடம் இருந்தது, அதைக் கேட்டு வந்த உறவினர் ஒருவரையாவது எழுத்தறையில் எழுதிப் பார்த்தீர்களா என்று ரொனால்ட் மூரிடம் கேட்பேன்.